கேள்வி நேரம்: ஷுகர் ஹில் இறக்கிய ஆட்கள்

சென்ற இதழில் பேய்ப்படங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதும்போது, எனக்கு மிகவும் பிடித்த பேய்ப்படம் 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘ஷுகர் ஹில்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்கள், நகைச் சீட்டுப் பற்றி எழுதிய நாலு பக்கத்துக்குக்கூட வரவில்லை. ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அந்தப் படத்துக்கே கொடுத்துவிடுகிறேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? கதையையாவது சொல்லக் கூடாதா?
— வாசகி ஒருவர், காரைக்குடி

கதை என்னவோ டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து நாம் பார்த்துப் பழகியதுதான். ஒருவன் பாடுபட்டு உருவாக்கிய இடத்தின் மேல் ஒரு தாதாவுக்குக் கண் விழுகிறது, விலைக்குக் கேட்கிறான், கொடுக்க முடியாது என்று பதில் வருகிறது, ஆளை அடித்தே கொன்றுவிடுகிறார்கள். இங்கே அந்த இடம் ‘கிளப் ஹெய்தி’ என்ற இரவு விடுதி. அதை நடத்தும் லாங்ஸ்டன் கறுப்பினத்தவன். அதைக் கேட்கும் மார்கன் வெள்ளைக்காரன். செத்தவனை மணக்கவிருந்தவள் டயானா ஹில். ஷுகர் என்பது அவளுடைய செல்லப் பெயர்; புகைப்படம் எடுப்பது தொழில். அவளுடைய பழைய காதலன் போலீஸ் அதிகாரியாக அந்த வழக்கை விசாரிக்கிறான். ஆனாலும் அவள் காவல் நிலையத்தை நம்பி உட்காரவில்லை. சதுப்புக் காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் ஒரு பழைய வீட்டுக்குப் போய், மைத்ரெஸ் என்ற மந்திரக் கிழவியைக் கண்டுபிடித்து, எனக்கு நியாயம் வேண்டும் என்று நிற்கிறாள். கிழவியாக நடித்த ஜாரா கல்லிக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஏதோ நம் வீட்டு இரண்டாம் கட்டிலிருந்து எழுந்து வந்த ஆயா மாதிரி, ‘இத்தனை நாள் இல்லாமல் இப்போதுதான் வழி தெரிந்ததாக்கும்’ என்ற பார்வையுடன் அவர் பேத்தி வயதுப் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதே பார்க்கத் தகுந்த காட்சி.

கிழவி அழைப்பது பாரன் சமெடியை. ஹெய்தி நாட்டின் வூடு சமயத்தில் கல்லறைகளுக்கு அதிபதியாகக் கருதப்படும் தெய்வம் அது. உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் அணிந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு டான் பெட்ரோ காலி என்ற நடிகர் வந்து நிற்கிறார். என் ஆன்மாவை எடுத்துக்கொள் என்கிறாள் ஷுகர். ஆன்மாவில் எனக்கு அக்கறை இல்லை என்று அவளை வேறு விதமாகப் பார்க்கிறது அந்தத் தெய்வம். பிறகு தன் ஆட்களை எழுப்புகிறது. இலைச் சருகுகள் மூடிய தரை முதலில் லேசாக விம்முகிறது. ஒரு கை வெளியே வருகிறது. மணிக்கட்டில் துருவேறிய இரும்பு விலங்கு. அடுத்து தலை, முகம் முழுக்க நூலாம்படை, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிதுங்கி நிற்கும் வெள்ளிக் குமிழ்கள். ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல், மரங்களுக்கு இடையிலிருந்து வந்து வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் யார் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து கப்பலில் ஏற்றி வரப்பட்டு, நோயில் செத்து, விலங்கைக்கூடக் கழற்றாமல் அந்தச் சதுப்பில் போடப்பட்ட அடிமைகள் அவர்கள்.

எனக்குப் படம் பிடித்துப்போன இடம் இதுதான். அடித்துக் கொன்றவர்களுக்கு எதிராக ஷுகரும் ஆள் இறக்குகிறாள். ஆனால் அவள் இறக்கும் ஆட்கள் நூறாண்டுக்கு மேலாகச் சொந்தக் கணக்கு ஒன்றைத் தீர்க்காமல் மண்ணுக்குள் கிடந்தவர்கள். ஒரு விடுதிக்காக நடந்த கொலைக்குப் பின்னால் ஒரு பெரிய கொலைக் கணக்கே இருக்கிறது என்று யாரும் மேடையேறிப் பேசவில்லை. அந்த விலங்கு குலுங்கும் சத்தம் மட்டும் அடியாட்களின் காதில் விழுகிறது.

நீங்கள் எழுதியதை நம்பிப் படத்தைத் தேடிப் பார்த்தேன். பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பேய்களின் கண்கள் பிங்பாங் பந்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கின்றனவே?
— வாசகர் ஒருவர், கானாடுகாத்தான்

சிரித்தது சரிதான், படமும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறது. பாரன் சமெடி ஒரு காட்சியில் டாக்ஸிக்காரனாக வருவதும், வரும் இடத்திலெல்லாம் பல்லைக் காட்டுவதும், தியேட்டரில் விசில் அடிக்க வந்தவர்களுக்காக வைத்தவை. குறைந்த செலவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்திலேயே கிடைத்த இடங்களில் எடுத்த படம் அது. வூடு ஆராய்ச்சி நிலையம் என்று காட்டப்படும் கட்டடம் உண்மையில் அந்நகரப் பொது நூலகத்தின் ஒரு கிளை.

ஆனால் கண்களைப் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாவும் சிவப்புச் சாயமும் பூசிய முகங்கள் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். இந்த வெள்ளிக் கண்கள் ஐம்பது ஆண்டுகள் ஆகியும் பழசாகவில்லை. அவை எதையும் பார்ப்பதில்லை, யாரையும் முறைப்பதில்லை. எதிரே நிற்கிறவன்மேல் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன, அவ்வளவுதான். கெஞ்சுகிறவனுக்குக் கெஞ்சுவதற்கு ஒரு முகம் வேண்டாமா? அது இல்லாமல் போவதுதான் அந்த அடியாட்களுக்குக் கிடைக்கும் முதல் தண்டனை. இன்னொரு முறை பார்க்கும்போது, துறைமுகத்துக் கிடங்கில் முதல் அடியாள் மாட்டிக்கொள்ளும் காட்சியில், பேய்களை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைக் கவனியுங்கள்.

ரத்தம் ஏன் இவ்வளவு குறைவு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். படம் பெற்றது பி.ஜி. சான்றிதழ், பெற்றோர் துணையுடன் பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற வகை. பட்டினி போட்ட பன்றிகளின் பட்டியில் ஒருவனைத் தள்ளுகிறார்கள், பாம்புகளுடன் ஒருவனைச் சவப்பெட்டியில் அடைக்கிறார்கள். இரண்டிலும் நாம் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

ஜாம்பி என்றால் மனிதரைக் கடித்துத் தின்ன வேண்டாமா? இந்தப் படத்தில் ஒருவரும் கடிக்கவில்லையே!
— கல்லூரி மாணவர், புதுவயல்

கடிப்பது பிற்பாடு வந்த பழக்கம். ஹெய்தி, பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் குடியேற்றமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கரும்பு வெட்டியும் ஆலையில் உழைத்தும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் நாடு விடுதலை பெற்றது. அந்த மண்ணின் நம்பிக்கையில் ஜாம்பி என்பது யாரையும் தின்ன வரும் பிசாசு அல்ல. செத்த பிறகும் ஓய்வு கிடைக்காமல், மந்திரவாதி எழுப்பி வேலை வாங்கும் உடல் அது. அடிமையாக இருந்தவருக்கு இதைவிடப் பெரிய பயம் ஏது? சாவு ஒன்றுதான் விடுதலை என்றிருந்தவரிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வது அல்லவா அது!

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஹெய்தியைக் கைப்பற்றி வைத்திருந்தன. அந்தக் காலத்தில்தான் இந்தக் கதைகள் அமெரிக்காவுக்குப் போயின. 1932இல் வந்த ‘ஒயிட் ஜாம்பி’ படத்தில் கரும்பாலையில் செக்குச் சுற்றுகிறவர்கள் ஜாம்பிகள்தாம். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ தான் செத்தவர்களை நரமாமிசம் தின்ன வைத்தது. அதன்பின் வந்த இயக்குநர்கள் எல்லோரும் கடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷுகர் ஹில் அந்த வழியில் போகாமல் பழைய நம்பிக்கைக்குத் திரும்பியது. இதில் வரும் வூடுச் சடங்குகள் எல்லாம் அசல் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் சினிமாப் பூசாரித்தனம்தான். அதைப் படமே ஒப்புக்கொள்வதுபோல், தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது வரும் ஆவேச ஆட்டம், முடிந்தவுடன் கைதட்டல் விழும் விடுதி நிகழ்ச்சி என்று தெரிகிறது.

கறுப்பின மக்களை வைத்துக் காசு பார்த்த படங்கள் இவை என்று படித்திருக்கிறேன். வெள்ளைக்கார முதலாளிகள் லாபத்துக்கு எடுத்ததை நாம் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா படித்தது உண்மை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹாலிவுட் கம்பெனிகள் பலவும் நஷ்டத்தில் தவித்தன. வசதி படைத்த வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபோன பிறகு, நகர மத்தியில் இருந்த பெரிய தியேட்டர்களுக்கு வந்தவர்களில் பெரும் பங்கு கறுப்பின மக்கள். 1971இல் ‘ஷாஃப்ட்’ வசூலைக் குவித்ததும், கறுப்பின நாயகனோ நாயகியோ வெள்ளைக்கார வில்லனைப் புரட்டியெடுக்கும் படங்கள் வரிசை கட்டி வந்தன. பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் என்று இன்று சொல்லப்படுபவை அவைதாம். விபச்சாரத் தரகன், போதைப்பொருள் விற்கிறவன், ரவுடி என்றே எங்களைக் காட்டுகிறார்கள் என்று கறுப்பின உரிமை அமைப்புகள் 1972இலேயே எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஷுகர் ஹில்லைத் தயாரித்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், மலிவுப் படங்களை ஜோடி ஜோடியாக விற்றுப் பிழைத்த கம்பெனி. இயக்கிய பால் மாஸ்லான்ஸ்கி வெள்ளையர். அவர் இயக்கிய படம் இது ஒன்றுதான். பிறகு ‘போலீஸ் அகாடமி’ என்ற கோமாளிப் போலீஸ் படங்களுக்குத் தயாரிப்பாளராகிப் பெரும் பணம் பார்த்தார்.

இத்தனையும் ஒத்துக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. முதலாளி லாபத்துக்காகவே எடுத்தாலும், உள்ளே வேலை செய்கிறவர்கள் தங்கள் சரக்கையும் கொஞ்சம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இதே கம்பெனி 1972இல் ‘பிளாகுலா’ எடுத்தபோது, கறுப்பு டிராகுலா என்ற விளம்பரத் தந்திரம் மட்டும் போதும் என்றிருந்தது கம்பெனி. நாடக மேடையில் பெயரெடுத்திருந்த வில்லியம் மார்ஷல் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வரலாறு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதன் பலன் படத்தின் முதல் காட்சியில் தெரிகிறது: 1780இல் ஆப்பிரிக்க இளவரசர் ஒருவர், அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவுங்கள் என்று டிராகுலாப் பிரபுவின் மாளிகைக்கே போய்க் கேட்கிறார், பிரபு ஏளனம் செய்து, கடித்து, சவப்பெட்டியில் பூட்டுகிறான். மலிவுப் படம் என்று டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் இப்படி ஒரு காட்சி வந்து நின்றது.

ஷுகர் ஹில்லில் இதற்கு ஈடான வேலையை, ஷுகராக நடித்த மார்கி பே தலைமுடியிலேயே செய்துவிடுகிறார். பகலில், ஊர் நடுவில் நடமாடும்போது, முடியை நேராக வாரி நாகரிகமாக வருகிறாள் ஷுகர். பழிவாங்கப் புறப்படும் இரவுகளில் மட்டும் சுருட்டை முடி தலையைச் சுற்றிப் பந்தாக விரிந்து நிற்கிறது, உடை வெள்ளை. வசனகர்த்தா எழுதிக் கொடுக்காத வசனம் அது. அமெரிக்கக் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு அன்று அதை விளக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பழிவாங்குவதைப் பார்த்து ரசிப்பது பாவம் இல்லையா? வயதான காலத்தில் இதையெல்லாம் பார்க்கிறாயே என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்

ஆச்சி, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிவகங்கையிலிருந்து காளையார்கோவில் போகும் வழியில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலைத் தாண்டித்தானே போய் வருகிறோம். அடுத்தவர் சொத்தை ஏமாற்றி வாங்கியவன், வாங்கிய கடனை இல்லை என்று சத்தியம் செய்தவன், வீண்பழி சுமத்தியவன் இவர்கள்மேல் வழக்குப் போட வழியில்லாதவர்கள் அங்கே வந்து, நடந்ததை அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லி, காசை வெட்டிப் போடுகிறார்கள். அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் உடையாளின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலு நாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக வெட்டுப்பட்டு மாண்ட பெண் அவள் என்றும், அவளுக்கு நாச்சியார் தம் தாலியையே காணிக்கையாகச் செலுத்தினார் என்றும் சொல்கிறார்கள். வெட்டுப்பட்டுச் செத்த பெண்ணிடம் போய் நியாயம் கேட்கும் சீமை நம்முடையது. சதுப்பில் செத்துக் கிடந்தவர்களிடம் ஷுகர் போய் நியாயம் கேட்டால் அதை எட்ட நின்று வேடிக்கை பார்க்க நமக்கு எப்படி மனம் வரும்?

ரசிப்பதிலும் வகை இருக்கிறது. கொலை நடப்பதை மட்டும் பார்க்க உட்கார்ந்தால் பிள்ளைகள் கேட்பதில் தவறில்லை. இந்தப் படத்தில் என்னை இழுத்துப் பிடிப்பது, அடி விழுவதற்கு முன்னால் நடப்பது. ஷுகர் பெரும்பாலும் தானே எதிரில் வந்து நிற்கிறாள். நான் யார், நீ செய்தது என்ன, எதற்காக வந்திருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்கிறாள். கோயிலில் காசை வெட்டுவதற்கு முன்னால் பிராதைச் சொல்வதுபோல இதுவும் ஒரு முறை. சட்டத்தின் முன் வாயைத் திறக்க வாய்ப்பில்லாதவள் அந்த ஒரு நிமிடமாவது வழக்காடுகிறாள். இன்னொன்று, அந்தச் செத்தவர்கள் கண்டவர்களையும் தாக்குவதில்லை. மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகிகூட, முதியவர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், பசுக்கள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே போ என்று நெருப்புக்குக் கட்டளை இட்டாள். அதே ஒழுங்கு இங்கும் இருக்கிறது. லாங்ஸ்டனை அடித்த கைகளுக்கும் அடிக்கச் சொன்ன வாய்க்கும் மட்டுமே தண்டனை. அடித்தவர்களில் ஒருவன் கறுப்பினத்தவன். முதலாளியின் பூட்ஸைத் துடைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். நம் இனத்தான் என்று அவனுக்கும் சலுகை கிடைப்பதில்லை.

இந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் பேய்க்குக் குடும்பம் குட்டி என்றெல்லாம் பார்க்கத் தெரியவில்லை. குடிவந்தவர்களை எல்லாம் அடிக்கிறது. அவற்றைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது எவ்வளவோ புண்ணியம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

படத்தை மூச்சு விடாமல் பார்த்தேன். ஆனால் கடைசியில் வில்லனின் காதலியைப் பாரன் சமெடி தூக்கிக்கொண்டு போவது எனக்கு உறுத்தியது. உங்களுக்கு உறுத்தவில்லையா?
— வாசகி ஒருவர், கோட்டையூர்

உறுத்த வேண்டிய இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கன் புதைமணலில் மூழ்கிச் சாகிறான். வேலை முடிந்தது, கூலி எங்கே என்று பாரன் சமெடி நிற்கிறது. அப்போது மார்கனின் காதலி செலஸ்டைக் காட்டி, இவளை எடுத்துக்கொள் என்று ஷுகர் கணக்கைத் தீர்த்துவிடுகிறாள். செலஸ்ட் படம் முழுக்கக் கறுப்பின மக்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள் என்பதால், அன்றைய தியேட்டரில் அந்த இடத்தில் ஆரவாரம் எழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். கடனுக்கு ஈடாக ஓர் ஆளைக் கொடுப்பது என்பதுதானே அடிமை வியாபாரம்? விலங்கோடு எழுந்து வந்தவர்கள் எல்லோரும் அப்படி யாரோ ஒருவரால் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டவர்கள்தாம். அவர்கள் துணையோடு வென்றவள், அவர்கள் கண் முன்னாலேயே அதே முறையில் பாக்கியை நேர் செய்கிறாள். இதைவிடக் கசப்பான முடிவை யோசித்து வைத்தாலும் கிடைக்காது. ஆனால் படம் இதை யோசித்து வைக்கவில்லை என்பதுதான் வருத்தம். பாரன் சமெடி சிரிக்கிறது, பாட்டு வருகிறது, முடிந்தது.

எழுந்து வந்தவர்களின் நிலையும் அப்படித்தான். உயிரோடிருந்தபோது வேலை வாங்கக் கொண்டுவரப்பட்டவர்களை, செத்த பிறகு எழுப்பி மறுபடியும் வேலைதான் வாங்குகிறார்கள். முதலாளி மாறியிருக்கிறார், வேலை கொஞ்சம் நல்ல வேலையாக இருக்கிறது, அவ்வளவே. ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை; வேலை முடிந்ததும் விலங்கு கழன்றதா என்று படம் காட்டுவதுமில்லை. படத்தை நான் ரசிப்பது இந்தக் குறையையும் தெரிந்துகொண்டுதான். குறையே இல்லாத, செட்டாக வந்து முடிகிற பழிவாங்கல் படங்களைப் பார்த்து முடித்தவுடன் மறந்துவிடுகிறேன். இதைப் பற்றி ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கோட்டையூரிலிருந்து ஒருவர் சண்டைக்கு வருகிறாரே, அதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் எத்தனையோ படங்கள் எடுக்கிறார்கள். இப்படி ஒரு படத்தைச் செட்டிநாட்டில் எடுக்க முடியுமா?
— வாசகர் ஒருவர், தேவகோட்டை ரஸ்தா

சினிமாவுக்கு நம் பக்கம் புதிதல்ல. உங்கள் ஊரிலேயே ஏ.வி.எம். ஸ்டூடியோ நடந்து, 1947இல் ‘நாம் இருவர்’ அங்கிருந்து வெளிவந்ததை மூத்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எடுக்க வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் முகப்புத் திண்ணை, வரிசைத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, நிலா வெளிச்சம் விழும் வளவு. அதற்குள் ஓர் ஊமைக் காதல் கதையைப் போட்டு, தூக்கில் தொங்கிய பெண்ணைப் பேயாக்கி, பாட்டுக்கு முன்னும் பின்னும் நடமாட விடுவார்கள். வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பேய் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டால் கதை வேறு மாதிரிப் போகும். தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. செட்டியார் முதலாளிகளின் ஏஜெண்டான மேலாளும் அவருக்கு உதவியான அடுத்தாளும் கடலைத் தாண்டிப் போய் வட்டிக் கடை வைத்து, ஐராவதி நதியின் கழிமுகத்தில் நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார் கடைகளின் பெயருக்கு வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது, பர்மாவிலிருந்த இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் கால்நடையாகவே நடந்து, ஆயிரக்கணக்கில் வழியிலேயே மாண்டார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களைச் சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஓட்டிப் போனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. இவர்களில் யாராவது ஓர் இரவு வளவுக்குள் வந்து நின்றால், யாருடைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்? நம் பக்கத்து ஷுகர் ஹில்லை நான் அங்கேதான் தேடுவேன். கெட்டவனை ஊருக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவை இல்லாத படமாக அது இருக்கும். அதனாலேயே படப்பிடிப்புக்கு வீடு கிடைப்பது கடினம்.

தமிழில் இந்த வாசலுக்குக் கிட்டே வந்தது 2011இல் வெளியான ‘காஞ்சனா’. நிலத்தை அபகரிக்கக் கொல்லப்பட்ட திருநங்கையும் அவளை ஆதரித்தவர்களும் எழுந்து வந்து கணக்குக் கேட்பது, கிளப் ஹெய்திக் கதையின் ஒன்றுவிட்ட உறவு. சரத்குமார் வரும் முன்கதைப் பகுதியைச் சொல்கிறேன். அதைச் சுற்றியிருக்கும் சிரிப்புக் காட்சிகளை அல்ல.

இதே வகையில் வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?
— வாசகர் ஒருவர், திருப்பத்தூர்

பழிவாங்கும் ஆவி வேண்டுமென்றால் 1976இல் வந்த ‘ஜே.டி.ஸ் ரிவெஞ்ச்’. 1942இல் கொல்லப்பட்ட ரவுடியின் ஆவி, நியூ ஆர்லியன்ஸில் படிக்கும் சாதுவான சட்டக் கல்லூரி மாணவனைப் பிடித்துக்கொள்கிறது. க்ளின் டர்மன் இரண்டு ஆட்களாக மாறி மாறி நடிப்பது ஷுகர் ஹில்லில் இல்லாத உயரம். ஆனால் இந்த ஆவி நல்ல ஆவி அல்ல. பெண்களை நடத்தும் விதம் பார்க்கச் சகிக்காது. பிளாகுலாவை மார்ஷலுக்காகப் பாருங்கள். அதன் தொடர்ச்சியாக 1973இல் வந்த படத்தில் நடிகை பாம் கிரியர் வூடுப் பூசாரியாக வருகிறார். நிதானமாகப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு பில் கன் இயக்கிய ‘கான்ஜா அண்ட் ஹெஸ்’. அது விசில் அடிக்கும் படமே அல்ல. ‘அபி’ என்று ஒன்று 1974இல் வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது; ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் நகல் என்று வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட, தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டது.

பேரப்பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்கலாமா?
— மூன்று பேருடைய ஐயா, கண்டனூர்

பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். ரத்தம் இல்லை என்றாலும் நிறத்தை வைத்து ஏசும் வசைச் சொற்கள் ஏராளம். அவை எதற்காகச் சொல்லப்படுகின்றன என்று விளங்கும் வயது வர வேண்டும். மசாஜ் நிலையத்தில் நடக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அப்போது மட்டும் பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிடுங்கள்.